என் வரம்பைத் திருப்பிக் கொடு

மோகா, செப்டம்பர் 19

ரதாமெஸ்,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்பு ஆணையம் என் புகாரை ஏற்றுக்கொண்டது. சாந்தியாகோ அலுவலகத்திலிருந்து நேற்று மதியம் வந்த மின்னஞ்சலில் ஆய்வாளர் ஒடாலிஸ் பிச்சார்தோ இதைத் தெரிவித்திருக்கிறார். நீ வேலை பார்க்கும் கம்பெனி ஆணையத்துக்குக் கொடுத்த பதிலும் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. ஒரே ஒரு வரி: "வாடிக்கையாளர் வாங்கியிருப்பது அன்லிமிடெட் பிராட்பேண்ட் திட்டம், அதற்குப் பயன்பாட்டு வரம்பு எதுவும் கிடையாது."

அந்த வரியைப் படித்த பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். வாட்ஸாப்பில் கேட்டால் கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். மூன்று தடவை அனுப்பிவிட்டாய். வீடியோவில் கேட்டால், "படம் நின்னுபோச்சுக்கா" என்று கை காட்டிவிட்டு நழுவுகிறாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். டெர்மினலில் போய் வாங்கிக்கொள்.

புயலன்று நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 30 மாலை, வழக்கம்போல எங்கள் ஆட்களுக்கான ஏழு மணிச் செய்தியைச் சைகை மொழியில் வீட்டிலிருந்து நேரலையாக ஆரம்பித்தேன். மின்சாரம் போயிருந்தது. ஆனால் பேட்டரியில் விளக்கு எரிந்தது, ரவுட்டரும் ஓடியது. கேபிள் அறுந்துவிட்டது என்று உங்கள் ஆட்கள் இப்போது சொல்வது பொய். செய்தி நடந்துகொண்டிருந்தபோதே எனக்கு மின்னஞ்சல் வந்தது. முதலில் புயல் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அடுத்து, அணையின் மதகுகளை எட்டு மணிக்குத் திறக்கப் போகிறார்கள், யூனா ஆற்றின் கீழ்க்கரையில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று சிவில் பாதுகாப்புத் துறை அறிவித்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தவர்களின் திரையில் நான் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி அப்படியே உறைந்து நின்றிருக்கிறேன். அந்தக் கீழ்க்கரையில், லா போசாவில், ஃபாவ்ஸ்தோவும் மிரேயாவும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்திலும் போட்டிருந்தேன். ஆனால் ஃபாவ்ஸ்தோ பள்ளிக்கூடம் பார்க்காதவன் என்பது உனக்குத் தெரியும். மிரேயாவுக்குத் தன் பெயரைத் தாண்டிப் படிக்க வராது. அவர்களுக்குச் செய்தி என்றால் கைதான்.

"நீ கையைத் தூக்கிட்டு நின்னே. ஏதோ பெருசா சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டிருந்தோம்" என்றான் ஃபாவ்ஸ்தோ. தண்ணீர் வாசலுக்கு வந்தபோதும் காத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். யாருக்குக் கேட்கும்? கூரைக்கு ஏறும்போது துத்தநாகத் தகடு மிரேயாவின் வலது கையைக் கிழித்துவிட்டது. இரண்டு விரலுக்கான நரம்பு அறுந்திருக்கிறது. மடங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

எங்கள் கூட்டத்திலேயே வேகமாகப் பேசுகிறவள் மிரேயா. அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் போவது என்றால் என்னவென்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நீ அந்தக் கம்பெனியில் லைன்களைக் கண்காணிக்கும் பிரிவில் இருக்கிறாய். ஒரே கேள்வி. என் லைனுக்கு வரம்பு இருக்கிறதா, இல்லையா?

நெரெய்தா

—

சாந்தோ தொமிங்கோ, செப்டம்பர் 25

அக்கா,

கடிதம் கிடைத்தது. பார்சல் கவுண்டரில் இருந்தவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல லெட்டரா? காதலியா தம்பி?" என்றான். "அதைவிட மோசம், அக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மிரேயாவின் கையைப் பற்றிப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. தமாரிஸிடம் சொன்னேன். அவளும் அழுதாள். இந்த மாதத்தில் அவள் அழாத விஷயம் கிடையாது. டாக்டர், வயிற்றில் குழந்தை இருந்தால் அப்படித்தான் என்கிறார்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஆம், இல்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. நீ சொல்வதை நாங்கள் வரம்பு என்று சொல்வதில்லை. "நெட்வொர்க் நிர்வாகம்" என்கிறோம். கோபப்படாமல் கேள்.

என் பேட்டையில் ஒரு மளிகைக்கடைக்காரர் இருக்கிறார். ஒரே ஒரு வீட்டு இணைப்பு வாங்கி, கூரைக்குக் கூரை ஒயர் இழுத்து நாற்பது வீட்டுக்கு விற்கிறார். அவருக்கு எதிரே லாட்டரிக் கடை. அவர்களும் வீட்டு இணைப்பில்தான் ஓட்டுகிறார்கள். நாலு கேமரா ராப்பகலாகப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு பேருக்காக அந்தத் தெருவில் மற்றவர்களுக்குச் சாயங்காலமானால் ஒன்றுமே திறக்காது. நியாயமாகப் பணம் கட்டுகிறவர்கள் எங்களைத்தான் திட்டுகிறார்கள். ஒரு குழாயில் ஒருவன் மோட்டார் வைத்து உறிஞ்சினால் மற்றவர்களுக்குத் தண்ணீர் வருமா? யாராவது அந்த மோட்டாரைக் கொஞ்சம் மெதுவாக்கத்தான் வேண்டும்.

எந்த அளவில் மெதுவாக்குகிறோம் என்று போஸ்டரில் போட்டால் அவர்கள் சரியாக அந்த அளவுவரை உறிஞ்சிவிட்டு நிறுத்துவார்கள். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான்.

உன் லைனுக்கு, கடைகளுக்குக் கொடுக்கிற வியாபாரத் திட்டம் போட்டுத் தருகிறேன். பில் என் பெயருக்கு வரட்டும். புகாரை வாபஸ் வாங்கு. புயலை யாரும் ஏவிவிடவில்லை.

ரதாமெஸ்

—

மோகா, அக்டோபர் 2

ரதாமெஸ்,

செய்தி: ஆய்வாளர் பிச்சார்தோ அக்டோபர் 17 மாலை ஏழு மணிக்கு என் வீட்டுக்கு நேரில் வந்து லைனைச் சோதிக்கப் போகிறார். அவரே எழுதித் தெரிவித்தார். கம்பெனியின் வக்கீலும் உடன் இருப்பார்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆம் என்று எழுதக் கை வராதவன், இல்லை என்றும் எழுதவில்லை. நான் முப்பது வருடம் செய்திக்காரியாக இருந்தவள். இல்லை என்று எழுத முடியாதவன் என்ன சொல்கிறான் என்று எனக்குப் புரியும்.

நேற்று மோகாவிலுள்ள உங்கள் கடைக்குப் போனேன். வாசலில் அந்தப் போஸ்டர் இருக்கிறது. கடலுக்கு மேலே ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துப் பறக்கிறாள். "வரம்பே இல்லை" என்று எழுதியிருக்கிறது. கவுண்டர் பெண்ணின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். என் கேள்விகளைச் செல்போனில் எழுதிக் காட்டினேன். பேச்சு இப்படிப் போனது:

"கண்ணு, அன்லிமிடெட்னா அன்லிமிடெட்தான்."

"அப்ப ஜூலையில இருந்து சாயங்காலமானா மட்டும் ஏன் படம் நிக்குது?"

"நீங்க ரொம்ப யூஸ் பண்ணியிருப்பீங்க, கண்ணு."

"அன்லிமிடெட்ல ரொம்பன்னா எவ்வளவு?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கூரையைப் பார்த்தார். "அம்மா, அதெல்லாம் சிஸ்டம் முடிவு பண்ணும்" என்றார். திரும்பினேன்; எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற டாக்சிக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பச் சொல்லச் சொன்னேன். "இல்லம்மா, ஆசை தீரக் குடின்னு கூப்பிட்டு உட்கார வெச்சு, ரெண்டாவது கிளாஸுல தண்ணிய ஊத்துறானுங்க. கேட்டா, நீ நிறைய குடிக்கிறேங்கிறான்" என்றார்.

உன் மளிகைக்கடைக்காரர் திருடட்டும். அவரைப் பிடி. மெதுவாக்கு. வரம்பு வைக்கவே கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் குறைவு என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை குடம் என்று வாசலில் எழுதிப் போடு. நான் என் குடத்தை எண்ணிப் பிடித்துக்கொள்வேன். புயல் வருகிறது என்றால் பகலில் யாரோடும் பேசாமல் இருந்து, சாயங்காலச் செய்திக்கு மிச்சம் வைத்திருப்பேன். அல்லது முனிசிபாலிட்டிக்குப் போய் அவர்கள் லைனில் செய்தி சொல்லியிருப்பேன். தெரிந்திருந்தால் எனக்கு வழி இருந்தது. வரம்பே இல்லை என்று பறக்கிற பெண்ணைக் காட்டிவிட்டு, நடுவில் என் கையைப் பிடித்து நிறுத்தினாயே, அதைத்தான் கேட்கிறேன்.

வியாபாரத் திட்டம் எனக்கு வேண்டாம். மோகாவிலும் சாந்தியாகோவிலும் லா வேகாவிலும் எங்கள் ஆட்களை விசாரித்தேன். வீட்டுக்கு வீடு இதே கதை. பகலெல்லாம் நன்றாக ஓடும். சாயங்காலமானால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. காது கேட்கிற அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் அதே திட்டத்தில் சினிமா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் எங்களுக்கு மட்டும்?

மருத்துவமனையில் மிரேயாவைப் பார்த்தேன். இடது கையால் பேசுகிறாள். "உன் தம்பிகிட்ட சொல்லு, இப்ப நானும் அவங்க கம்பெனி மாதிரி ஆயிட்டேன். பாதி சொல்லுவேன், மீதிய நீங்களா நெனச்சுக்கணும்" என்றாள். ஃபாவ்ஸ்தோ சிரிக்கவில்லை.

நெரெய்தா

—

சாந்தோ தொமிங்கோ, அக்டோபர் 14

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன். ஆபீசில் வேலை அதிகம்.

பதினேழாம் தேதியைப் பற்றிக் கவலைப்படாதே. உன் லைன் நன்றாக இருக்கும். இந்த வாரம் செய்தி சொல்லிப் பார், உனக்கே தெரியும். எப்படி என்று கேட்காதே, யாரிடமும் சொல்லாதே. நான் பார்த்துக்கொண்டேன். நம் ஊரில் தெரிந்த ஆள் இருந்தால்தான் எந்த வேலையும் நடக்கும். உனக்கு நான் இருக்கிறேன்.

இனி சண்டை வேண்டாம். தமாரிஸ் உன்னைக் கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு வா.

உன் தம்பி

—

மோகா, அக்டோபர் 18

ரதாமெஸ்,

செய்தி: சோதனையில் என் லைன் தேறிவிட்டது. ஆதாரம், நேற்று மாலை ஏழே முக்காலுக்கு என் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒடாலிஸ் பிச்சார்தோ கையெழுத்திட்ட அறிக்கை.

உன்னை என்ன செய்தால் தகும்?

நான் கேமரா முன்னால் நின்று சொல்லாத செய்தி இல்லை. வாழைக்காய் விலை, பள்ளி விடுமுறை, பேஸ்பால் முடிவு. ஒரு கணம்கூடப் படம் நிற்கவில்லை. உங்கள் வக்கீல் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வயது முப்பதுகூட இருக்காது, நல்ல ஷூ. முடிந்ததும் கைதட்டினார். மொழிபெயர்ப்பாளர் அவர் சொன்னதை எனக்குக் கையால் சொன்னார்: "அற்புதம் மேடம். டிவியிலகூட இவ்வளவு தெளிவா வராது. வரம்பு எங்க இருக்குன்னு எனக்கும் காட்டுங்களேன், நானும் பாக்கறேன்."

ஆய்வாளர் என்னிடம் வந்து, "சென்யோரா, நான் கருவி காட்டுறதத்தான் எழுத முடியும்" என்றார். அவர் கண்ணில் பரிதாபம் இருந்தது. என்னைப் பொய்க்காரி என்று நினைத்தாரா, கிழவிக்கு ஏதோ குழப்பம் என்று நினைத்தாரா தெரியவில்லை. எது மோசம் என்று நீயே முடிவு செய். வேறு ஆதாரம் கொடுக்காவிட்டால் பதினைந்து நாளில் கோப்பை மூடிவிடுவார்கள்.

அவர்கள் போன பிறகு வீடியோவில் ஃபாவ்ஸ்தோவைக் கூப்பிட்டேன். என் பக்கம் கண்ணாடிபோல இருந்தது. அவன் பக்கம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. எனக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு, அவர்களையெல்லாம் வெளியிலேயே நிறுத்தியிருக்கிறாய். அவன் என்ன ஆச்சு என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டிய இடத்தில் எனக்குத் தம்பி இருக்கிறான் என்று சொல்லவா?

நீ எனக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ செய்தது உன் கம்பெனிக்கு உதவி. ஒளித்து வைத்த வரம்பை, ஒளித்து வைத்த சலுகையால் மூடியிருக்கிறாய். நீயாகச் செய்தாயா, இல்லை உன்னை யாராவது செய்யச் சொன்னார்களா? அதையாவது சொல்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். இல்லாத வரம்பிலிருந்து ஒருத்திக்கு எப்படி விலக்கு கொடுக்க முடியும்?

விலக்கை எடு. என் வரம்பை எனக்குத் திருப்பிக் கொடு.

நெரெய்தா

—

சாந்தோ தொமிங்கோ, அக்டோபர் 23

அக்கா,

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். என் மேலதிகாரிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான். அதற்கு எனக்குக் கிடைத்தது இந்தக் கடிதம்.

நீ எப்போதும் இப்படித்தான். எட்டு வயதில் நான் பேங்க் கவுண்டரில் எட்டாத உயரத்தில் நின்று உனக்காகப் பேசினேன். டாக்டர் உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொன்னார்; புரிந்ததைச் சொன்னேன், புரியாததுக்குத் திட்டு வாங்கினேன். நீ பத்திரிகையில் சேர்ந்த பிறகு, பேட்டி எடுக்க மந்திரி வீட்டுக்கும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனாய். நீ கேட்கச் சொன்ன கேள்விக்கு அவர் என் மேல் எரிந்து விழுந்தார். நீ குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாய். உன் காதாகவும் வாயாகவும் இருந்து பெரியவனானவன் நான். ஒரே ஒரு தடவை, நீ கேட்காமலே, உனக்காக ஒன்று செய்தேன். அதற்கும் விசாரணை வைக்கிறாய்.

பதில் வேண்டும் என்றாய் இல்லையா? வாங்கிக்கொள். ஆம். வரம்பு இருக்கிறது. ஜூலையில் வந்தது. ஒரு வீடு எவ்வளவு வாங்குகிறது என்பதைவிட எவ்வளவு அனுப்புகிறது என்பதைத்தான் பார்க்கிறது. சாதாரண வீடு வாங்கிக்கொண்டே இருக்கும்: சினிமா, பாட்டு, விளையாட்டு. அனுப்புவது கொஞ்சம்தான். அனுப்புவதும் வாங்குவதும் ஏறக்குறைய சமமாக இருந்தால், அது வீடில்லை, கடை என்று சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். மாலை ஆறிலிருந்து பத்துவரை கழுத்தை நெரிக்கும். லாட்டரிக் கடைக் கேமராக்களைப் பிடிக்கத்தான் அதை வைத்தோம்.

நாளெல்லாம் கையால் பேசுகிற வீட்டிலும் அனுப்புவதும் வாங்குவதும் சமமாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான். என் அக்காவோடு நான் பெரும்பாலும் நேரில்தான் பேசிப் பழக்கம்.

விலக்கை எடுக்க மாட்டேன். எடுத்தால் கொடுத்ததும் எடுத்ததும் என் பெயரில் நிற்கும். பிப்ரவரியில் எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. உனக்கு உன் செய்தி பெரிது. எனக்கு இது.

ரதாமெஸ்

—

மோகா, அக்டோபர் 28

ரதாமெஸ்,

செய்தி: ஆணையம் இரண்டாவது சோதனைக்கு ஒப்புக்கொண்டது. ஃபாவ்ஸ்தோ சொல்லி நான் எழுதிய புகாரையும் எங்கள் ஆட்கள் எழுதிக் கொடுத்த புகார்களையும் இணைத்துக் கேட்டேன். நவம்பர் 1 அன்று ஆய்வாளர் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து என் ரவுட்டரில் சொருகிவிட்டுப் போவார். அது நேரம் போட்டு வேகத்தை அளந்துகொண்டே இருக்கும். ஆறாம் தேதி மாலை அவர் மறுபடி நேரில் வருவார். வீட்டுக்கு வீடு பெட்டி வைக்க ஆணையத்திடம் பெட்டி கிடையாது. இருப்பது ஒன்று. அது என் வீட்டுக்கு வருகிறது. நீ கெடுத்து வைத்திருக்கும் வீட்டுக்கு.

பேங்கைப் பற்றியும் மந்திரியைப் பற்றியும் நீ எழுதியது உண்மை. மந்திரி விஷயத்தில் நீ கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறாய். அவர் கோப்பையை வீசினார். உன்னை நான் இழுத்துக்கொண்டு போனேன், ஏனென்றால் என்னை வாசலிலேயே நிறுத்துவார்கள். அது உனக்கு அநியாயம். எனக்கும் அநியாயம். இரண்டையும் செய்தது நானில்லை. அந்தக் கோபத்தை என்னிடம் காட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மிரேயாவின் கைக்கு அது பதிலாகாது.

உங்கள் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை என்கிறாய். நம்புகிறேன். ஒன்பது பேருக்கு எல்லாமும் தோன்ற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்காகத்தான் விதியை வெளியே எழுதிப் போட வேண்டும் என்பது. "அனுப்புவதும் வாங்குவதும் சமமாக இருந்தால் மெதுவாக்குவோம்" என்று ஜூலையில் உன் கடைச் சுவரில் ஒரு வரி எழுதியிருந்தால், முதல் வாரமே நாங்கள் அத்தனை பேரும் வந்து கவுண்டரை மறித்திருப்போம். ஆகஸ்டுக்குள் சரியாகியிருக்கும். உங்களுக்குத் தோன்றாததை எங்களால் சொல்லியிருக்க முடியும். ஒளித்து வைத்ததால் எங்களுக்கும் சொல்ல வழியில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாமல் ரவுட்டரை மாற்றிக்கொண்டும் அணைத்துப் போட்டுக்கொண்டும் இருந்தோம்.

உன் பெயரை ஆணையத்திடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். செய்தி கொடுத்தவர் பெயரை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தம்பியானாலும் அதே விதிதான். உன் கடிதங்கள் பூட்டிய இடத்தில் இருக்கின்றன.

மிரேயாவின் கட்டைப் பிரித்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. பிரித்த அன்றைக்கு எனக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாள், அவளுடைய மாமியாரும் பாதிரியாரும் கழுதையும் வருகிற அந்தப் பழைய கதை. பாதியில் நிறுத்திவிட்டு, "புரியுதா?" என்று கேட்டாள். இருபது வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. புரிகிறது என்றேன். முழுதாகப் புரியவில்லை.

புயல் காலம் நவம்பர் கடைசிவரை இருக்கிறது. அதற்குள் இன்னொன்று வந்தால், என் கை ஓடும். பார்க்கிறவர்கள் திரை நிற்கும்.

பிள்ளை பெறப் போகிறவனிடம் வேலையை விடு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அதனால் கெஞ்சவில்லை. கேட்டதையே இன்னொரு தடவை கேட்கிறேன். விலக்கை எடு.

நெரெய்தா

—

சாந்தோ தொமிங்கோ, நவம்பர் 3

அக்கா,

இன்று காலை எடுத்துவிட்டேன். இன்று மாலையிலிருந்து உன் படம் நிற்கும்.

காரணம் எழுதாமல் சிஸ்டம் விடாது. "வாடிக்கையாளரின் வேண்டுகோள்" என்று போட்டேன். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து, "மெதுவாக்கச் சொல்லியா ஒரு கஸ்டமர் கேட்டாங்க? பைத்தியமா?" என்றான். "எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான்" என்றேன்.

தமாரிஸிடம் இன்னும் சொல்லவில்லை. கோபம் எனக்கு ஆறவில்லை. உன் மேலா, அவர்கள் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. இப்போதைக்கு எழுதாதே.

ரதாமெஸ்

—

மோகா, நவம்பர் 12

ரதாமெஸ்,

எழுதாதே என்றாய். செய்தி இருக்கும்போது எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது.

உறுதியானது: எந்த வீட்டுக்காவது வேகக் கட்டுப்பாடும் விலக்கும் வைத்திருக்கிறதா, வைத்தது எந்த விதியின்படி என்று கம்பெனி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என ஆணையம் நேற்று உத்தரவிட்டது. கையெழுத்து, ஒடாலிஸ் பிச்சார்தோ. நகல் என் மேசையில் இருக்கிறது.

ஆறாம் தேதி நடந்ததை உங்கள் வக்கீல் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் நின்றது. ஆய்வாளர் தன் செல்போனில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நான் பேசிக்கொண்டிருந்தேன். குனிந்து திரையைப் பார்த்தார். நான் கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தேன். இப்படி மூன்று நான்கு தடவை பார்த்தார். பிறகு பெட்டியைக் கழற்றிப் படித்தார். மூன்றாம் தேதி மாலை ஆறுவரை நல்ல வேகம், ஆறிலிருந்து பத்துவரை சொட்டுச் சொட்டு, மறுநாளும் அப்படியே. வானத்தில் மேகம்கூட இல்லாத நாட்கள். மூன்றாம் தேதிவரை யாரோ எனக்கு விலக்கு வைத்திருந்து எடுத்திருக்கிறார்கள் என்று அதிலிருந்தே அவர் பிடித்துவிட்டார்.

வக்கீல், "அது பராமரிப்பு வேலை" என்றார்.

"ஒரே ஒரு வீட்டுக்கா? தினமும் ஆறு மணிக்கா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"நெட்வொர்க்னா அப்படித்தான் மேடம், சில சமயம்..."

"போன தடவை கைதட்டினீங்களே, இப்ப தட்டுங்க."

மொழிபெயர்ப்பாளர் இதைக் கையால் சொல்லும்போது அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரிக்கவில்லை. ஆகஸ்ட் 30 அன்று மிரேயா பார்த்ததை அந்தச் செல்போனில் முதல் தடவையாக நானே பார்த்தேன். வாயைத் திறந்து, கையைத் தூக்கி, எதையோ சொல்லப் போகிற பெண். நானாக இருந்தாலும் காத்துத்தான் இருந்திருப்பேன்.

அடுத்த செய்தியைத் தமாரிஸ் எனக்கு அனுப்பினாள், நேற்று மாலை. உன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று. விசாரணை முடியும்வரை சம்பளம் கிடையாது என்று. கடைசியில், "உங்களுக்குத் திருப்தியா அண்ணி?" என்று கேட்டிருந்தாள். இல்லை என்று பதில் போட்டேன். அது அவளுக்குப் போதாது. எனக்கும் போதாது. விதியை ஒளித்து வைத்தவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். அதைத் தொட்டவன் வீட்டில் இருக்கிறான். ஒரு தம்பி அக்காவுக்குச் சலுகை காட்டிய கதையாக இதை மாற்றப் பார்ப்பார்கள். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கதைதான் நிற்கும்.

முடிவாகாமல் இருப்பவை இவை. கம்பெனி நவம்பர் 25க்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மிரேயாவுக்கு நரம்பை இணைக்க முடியுமா என்று சாந்தியாகோ டாக்டர் 26 அன்று சொல்வார். ஆணையத்தின் விசாரணை 27 காலை பத்து மணிக்கு, சாந்தியாகோவில். லைனில் விலக்கை வைத்ததும் எடுத்ததும் யாரோ அவரைக் கம்பெனி கூட்டிவர வேண்டும் என்று உத்தரவில் இருக்கிறது. பெயர் போடவில்லை. நீ கம்பெனி பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறாயா, எந்தப் பக்கமும் வராமல் இருக்கப் போகிறாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஒன்று மட்டும். வந்தால், நீ என்ன சொல்வதாக இருந்தாலும், முதலில் என்னைப் பார்த்துக் கையால் சொல். அதன் பிறகு அவர்களுக்கு வாயால் சொல். என் தம்பி சொன்னதை மொழிபெயர்ப்பாளரிடமிருந்து நான் தெரிந்துகொள்ளக் கூடாது.

27, காலை பத்து மணி.

நெரெய்தா